மேலே போகணுமா, கீழே போகணுமா? குர்லா பாலத்தில் உங்கள் மேப் குழம்புவது ஏன், எந்த வழிகாட்டியை நம்பலாம்?

2025 ஜூலை மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு. நவி மும்பையின் பேலாப்பூரில் இருந்து உல்வே நோக்கிக் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், பாலத்தின் மேல் ஏறாமல் பாலத்துக்குக் கீழே போகும் சாலையில் காரைத் திருப்பினார். அந்தச் சாலை துருவ்தாரா படகுத்துறையில் முடிகிறது. கார் நேராகக் கழிமுகத் தண்ணீரில் விழுந்தது. பக்கத்தில் பணியில் இருந்த கடலோரப் பாதுகாப்புப் போலீஸார் உடனே வந்ததால் அவர் உயிர் தப்பினார். கூகுள் மேப்ஸைப் பார்த்துத்தான் ஓட்டி வந்ததாக அவர் சொன்னார் என்று செய்திகள் வெளியாயின.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு "அது எப்படி, கண்ணு தெரியாதா?" என்று கேட்பது சுலபம். ஆனால் செம்பூரிலோ குர்லாவிலோ குடியிருந்து, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதே குழப்பத்தைத் தினமும் சந்திக்கிறார்கள். பாலம் மேலே, சாலை கீழே. போனில் தெரியும் நீலக் கோடோ ஒன்றே ஒன்று. மேலே ஏறணுமா, கீழேயே போகணுமா? முடிவெடுக்க உங்களுக்குக் கிடைப்பது மூன்று விநாடி. பின்னால் ஒரு பெஸ்ட் பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்.

செயற்கைக்கோள் வழிகாட்டி எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது, போன் போதுமா அல்லது தனிக் கருவி வேண்டுமா, தவறு நடந்தால் யார் பொறுப்பு? குர்லாவை வைத்தே பார்க்கலாம்.

குர்லா ஏன் நல்ல உதாரணம்?

சாந்தாகுரூஸ் செம்பூர் இணைப்புச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரலில் திறக்கப்பட்ட இந்தச் சாலை, செம்பூர் அமர் மஹால் பக்கம் தொடங்கி, திலக் நகர், குர்லா ரயில் பாதைகளைக் கடந்து, கலினா வழியாக மேற்கு விரைவு நெடுஞ்சாலைப் பக்கம் போகிறது. இதில் ஒரு பகுதி இரட்டை அடுக்கு மேம்பாலம். அதாவது ஒரு சாலைக்கு மேல் இன்னொரு சாலை. மேலடுக்கில் போகும் காரும் கீழடுக்கில் போகும் காரும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான்.

போதாததற்கு இந்தப் பகுதியின் சாலைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2019 நவம்பரில் சூனாபட்டியில் இருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்கு நேர் மேம்பாலம் வந்தது. நூறாண்டுக்கும் மேல் பழைமையான சயான் ரயில் மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடப்பட்டது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் போக அதை நம்பியிருந்த வண்டிகளெல்லாம் வேறு வழிகளில் பிரிந்தன. 2025 ஆகஸ்ட்டில் இணைப்புச் சாலையின் நீட்டிப்பாக வக்கோலா பக்கம் வளைந்து செல்லும் கம்பிவடப் பாலம் திறக்கப்பட்டது.

ஆறு ஆண்டுகளுக்குள் இத்தனை மாற்றம். புதுப்பிக்கப்படாத ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டினால், இல்லாத பாலத்துக்குக் கூட்டிப்போகும், இருக்கும் பாலத்தைக் காட்டாது.

ஜி.பி.எஸ். உண்மையில் என்ன செய்கிறது?

பலர் நினைப்பதற்கு மாறாக, செயற்கைக்கோளுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. அது நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் போன் அதைக் கேட்டு, "இந்தச் சிக்னல் என்னை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது?" என்று கணக்குப் போடுகிறது. நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நான்கு செயற்கைக்கோள்களில் இருந்து தூரம் தெரிந்தால் நீங்கள் இருக்கும் இடம், உயரம், சரியான நேரம் மூன்றும் கிடைத்துவிடும்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிசகினால், தூரத்தில் சுமார் 300 மீட்டர் பிசகும். அதாவது நீங்கள் கமானி சந்திப்பில் நின்றால் அடுத்த சிக்னலில் நிற்பதாகக் காட்டும். அதனால்தான் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.

திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்லும் என்று ஜி.பி.எஸ். அமைப்பை நடத்தும் அமெரிக்க அரசின் தளமே கூறுகிறது. கவனியுங்கள்: திறந்த வானம். குர்லாவில் அது எங்கே இருக்கிறது?

உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதற்குக் கூடுதல் நேரம் ஆகும். போன் அதைக் கூடுதல் தூரம் என்று எண்ணிக்கொள்ளும். நீலப் புள்ளி திடீரென்று பக்கத்துச் சந்துக்குக் குதிப்பது இதனால்தான். இரட்டை அடுக்குப் பாலத்தின் கீழடுக்கில் போகும்போது மேலே கான்கிரீட் கூரை. வானத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

அடுத்தது உயரம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. இந்த அமைப்பால் கிடைமட்டத் துல்லியத்தைவிட உயரத்தின் துல்லியம் எப்போதும் மோசமாகவே இருக்கும். மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் உள்ள சில மீட்டர் வித்தியாசத்தை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே செயலி ஊகிக்கிறது: கடைசியாக நீங்கள் எந்தச் சரிவில் திரும்பினீர்கள், எந்த வேகத்தில் போகிறீர்கள் என்று பார்த்து, "மேலேதான் இருப்பார்" என்று முடிவு கட்டுகிறது. ஊகம் தப்பினால் அடுத்து வரும் கட்டளைகள் எல்லாமே தப்பு.

கூகுள் இதைச் சரிசெய்யவில்லையா?

முயன்றிருக்கிறது. 2024 ஜூலையில் இந்தியாவுக்கென்று சில வசதிகளை கூகுள் அறிவித்தது. 40 நகரங்களில் மேம்பாலத்தில் ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்வது அதில் ஒன்று. குறுகிய சாலைகளைத் தவிர்த்துக் கார்களுக்கு வழி காட்டுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வசதி முதலில் எட்டு நகரங்களுக்கு வந்தது. சென்னையும் கோவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. மும்பை இல்லை. தாராவி, குர்லா சந்துகளில் கார் சிக்கிக்கொள்ளும் அனுபவம் உள்ளவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

போட்டியும் சூடாக இருக்கிறது. அதே மாதத்தில் ஓலா நிறுவனம் கூகுள் மேப்ஸைக் கைவிட்டுச் சொந்த வரைபடத்துக்கு மாறியது. இந்திய நிறுவனமான மேப்மைஇந்தியாவின் மேப்பில்ஸ் செயலி, 2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் அதைப் பாராட்டி வீடியோ போட்ட பிறகு பரவலாகப் பேசப்பட்டது. சிக்கலான மேம்பாலச் சந்திப்புகளை முப்பரிமாணப் படமாகக் காட்டுவதுதான் அவர் குறிப்பிட்ட வசதி. நம் பிரச்சினைக்கு நேரடியாகப் பொருந்தும் வசதியும் அதுவே.

நெட் இல்லாட்டி மேப் வேலை செய்யுமா?

செய்யும். இடத்தைக் கண்டுபிடிக்க இணையம் தேவையே இல்லை. உங்கள் போன் ரேடியோவைப் போல வெறும் கேட்பான்தான். ஆனால் மூன்று விஷயங்களுக்கு இணையம் வேண்டும்.

முதலாவது, தொடக்க வேகம். செயற்கைக்கோள் தன் இருப்பிடத் தகவலை மிக மெதுவாக, விநாடிக்கு 50 பிட் என்ற வேகத்தில் அனுப்புகிறது. அதை முழுசாகக் கேட்க அரை நிமிடம் ஆகும். இணையம் இருந்தால் போன் அதை நெட்வொர்க் வழியாக நொடியில் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, வரைபடம். முன்பே டவுன்லோடு செய்து வைத்திருந்தால் இணையம் இல்லாமலும் வழி தெரியும். மூன்றாவது, நேரடிப் போக்குவரத்து நிலவரம். இதற்கு இணையம் கட்டாயம்.

அந்த நிலவரம் எங்கிருந்து வருகிறது? சாலையில் போகும் மற்றவர்களின் போன்களில் இருந்து. 2020-இல் ஜெர்மன் கலைஞர் சைமன் வெக்கர்ட், 99 போன்களை ஒரு சிறிய தள்ளுவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துப் போனார். காலியான தெரு மேப்பில் சிவப்பாக மாறியது. மேப்பின் கண்ணுக்குத் தெரிவது வண்டிகள் அல்ல, போன்கள்.

இதில் மும்பைக்காரர்களுக்கு ஒரு முக்கியப் பாடம் இருக்கிறது. ஒரு சாலையில் போன்களே இல்லை என்றால் மேப்புக்கு நேரடித் தகவல் இல்லை. பழைய வழக்கத்தை வைத்துக் கணிக்கும். மழையில் கிங்ஸ் சர்க்கிள் மூழ்கியிருந்தால், போலீஸார் தடுப்பு வைத்திருந்தால், அங்கே வண்டி போகாது. அந்தக் காலியை மேப் நல்ல வழி என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எந்தச் செயற்கைக்கோளும் உங்கள் போனுக்குச் சொல்லாது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை ஒரே நாளில் கொட்டி, மித்தி ஆறு குர்லாவுக்குள் புகுந்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். எந்தத் தெரு முதலில் முழுகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

"ஜி.பி.எஸ். வாங்கணும்" என்று கடையில் கேட்டால் இன்றைக்கு நான்கு வகைப் பொருட்களைக் காட்டலாம். நான்கும் வேறு வேறு வேலைக்கானவை.

ஸ்மார்ட்போன்: பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். புது போன் வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு அலைவரிசை வசதி. பழைய போன்கள் எல்1 என்ற ஒரே அலைவரிசையை மட்டும் கேட்கும். புதிய பல போன்கள் எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் கேட்கும். சுவரில் பட்டு வரும் சிக்னலைப் பிரித்து ஒதுக்க எல்5 உதவும். கட்டடக் காட்டில் ஓட்டுகிறவர்களுக்கு கேமரா மெகாபிக்சலைவிட இது முக்கியம். போனின் விவரப் பட்டியலில் 'எல்1 + எல்5' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

காரின் திரையில் போன்: ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்பிளே இந்த வகை. வழி காட்டுவது போனில் உள்ள செயலிதான். ஆனால் பெரிய திரை, ஸ்டியரிங் பக்கத்திலேயே கட்டுப்பாடு, கையில் போன் எடுக்கத் தேவையில்லை. பாதுகாப்புக் கணக்கில் இதுதான் முதலிடம்.

காரோடு வரும் வழிகாட்டி: கூரை ஆன்டெனா இருப்பதால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சில கார்களில் சக்கரம் சுற்றும் கணக்கை வைத்துச் சுரங்கப்பாதைக்குள்ளும் இடத்தைக் கணித்துவிடும். பலவீனம் வரைபடப் புதுப்பிப்பு. எத்தனை ஆண்டு இலவசம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

தனி வழிகாட்டிக் கருவி: 2000-களின் பிற்பகுதியில் கார்மின், மேப்மைஇந்தியா போன்றவற்றின் கருவிகளைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பது ஒரு பெருமையாகவே இருந்தது. ஸ்மார்ட்போன் அந்தச் சந்தையைக் காலி செய்துவிட்டது. இன்றும் லடாக், ஸ்பிதி போல சிக்னல் இல்லாத இடங்களுக்கு நீண்ட பைக் பயணம் போகிறவர்களுக்கு இது பயன்படும். குர்லாவில் இருந்து போவாய் போக இது தேவையில்லை.

இவை தவிர, கடைகளில் 'ஜி.பி.எஸ்.' என்ற பெயரில் அதிகம் விற்பது கண்காணிப்புக் கருவி. இது ஓட்டுநருக்கு வழி காட்டாது. வண்டி எங்கே இருக்கிறது என்று உரிமையாளருக்குச் சொல்லும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களில், ஆட்டோக்கள் போன்ற சில விலக்குகள் தவிர, ஏ.ஐ.எஸ்.-140 தரத்திலான கண்காணிப்புக் கருவியும் அவசர பொத்தானும் கட்டாயம். அடுத்த முறை இரவில் டாக்சியில் ஏறும்போது அந்தச் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பைக்கில் போகிறவர்களுக்கு என்ன?

மும்பையில் இது தனிக் கதை. அடல் சேது, கடற்கரைச் சாலை, ஜே.ஜே. மேம்பாலம் மூன்றிலும் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. கூகுள் மேப்ஸில் இருசக்கர வாகனத்துக்கான தனி வசதி 2017 டிசம்பர் முதல் இந்தியாவில் இருக்கிறது. கார் குறியீட்டை வைத்துக்கொண்டே பைக் ஓட்டினால், தடை உள்ள பாலத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். அபராதம் உங்களுக்குத்தான், மேப்புக்கு இல்லை.

இன்னொன்று: பைக் எஞ்சினின் அதிர்வு போன் கேமராவின் உள் பாகங்களைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. ஹேண்டில்பாரில் போனை மாட்டுவதாக இருந்தால் அதிர்வு தாங்கும் ஸ்டாண்டாகப் பாருங்கள். அதைவிட நல்லது, போனைப் பையில் வைத்துவிட்டு ஒரு காதில் மட்டும் தமிழ்க் குரல் வழிகாட்டலைக் கேட்பது. கூகுள் மேப்ஸில் தமிழ்க் குரல் இருக்கிறது.

நாவிக் என்று நம்முடையதே ஒன்று இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் நிலைமை கவலைக்குரியது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ வரிசையில் இந்தியாவின் பிராந்திய அமைப்பு நாவிக். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. ஏழாவது 2016 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தபோது பிரதமர் மோடி அதற்கு நாவிக் என்று பெயர் வைத்தார்.

பிறகு அணுக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. மேலே பார்த்தோமே, நேரம் பிசகினால் தூரம் பிசகும். கடிகாரம் நின்றால் அந்தச் செயற்கைக்கோள் வழிகாட்டும் வேலைக்கு உதவாது. மாற்றாக 2017 ஆகஸ்ட்டில் அனுப்பிய செயற்கைக்கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் கழலாததால் வீணானது. 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01 வெற்றி. உள்நாட்டிலேயே தயாரித்த ரூபிடியம் கடிகாரம் அதில் இருந்தது. 2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போன என்.வி.எஸ்.-02, வால்வு கோளாறால் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை.

2025 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த பதிலின்படி, ஏவிய 11 செயற்கைக்கோள்களில் இருப்பிடம் சொல்லும் சேவையை அப்போது வழங்கிக்கொண்டிருந்தவை நான்கு மட்டும். இடத்தைக் கணிக்கக் குறைந்தபட்சம் தேவை நான்கு. மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

இதனால் உங்கள் போன் நின்றுவிடுமா? நிற்காது. இன்றைய போன்கள் பல அமைப்புகளின் செயற்கைக்கோள்களைச் சேர்த்தே கேட்கின்றன. ஆனால் ஒரு நாட்டின் பேருந்து, ரயில், மீன்பிடிப் படகு, ராணுவம் எல்லாம் அடுத்த நாட்டின் கடிகாரத்தை நம்பி ஓடுவது சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தச் சிக்னல்களை ஏமாற்றவும் முடியும். 2025 நவம்பரில் டெல்லி விமான நிலையம் அருகே விமானங்களுக்குப் போலி ஜி.பி.எஸ். சிக்னல்கள் வந்ததை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தியது.

செயற்கைக்கோள் வழியாக டோல் வசூலிக்கும் திட்டமும் இதே காரணங்களால் கவனமாகப் பார்க்கப்படுகிறது. 2024 செப்டம்பரில் அதற்கான விதித் திருத்தம் வந்தது. நாளொன்றுக்கு முதல் 20 கி.மீ. இலவசம் என்றும் அறிவித்தார்கள். ஆனால் 2025 மே 1 முதல் நாடு முழுக்க அது அமலாகும் என்று பரவிய தகவலை அமைச்சகமே மறுத்தது. "ஃபாஸ்டேக் செல்லாதாம், புதுக் கருவி மாட்டணுமாம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

மேப் பார்த்து ஓட்டுவது சட்டப்படி குற்றமா?

பார்க்கும் விதத்தைப் பொறுத்தது. 2020 அக்டோபர் 1 முதல் அமலான மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி அறிவதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்கிறது. அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாதபடி. போனைக் கையில் பிடித்து ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டும் குற்றம். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

ஆகவே போனுக்கு ஒரு ஸ்டாண்ட் அவசியம். பார்வையை மறைக்காத இடத்தில், ஏர்பேக் விரியும் பாதையில் இல்லாமல் மாட்டுங்கள். வெயில் நேராகப் படும் டாஷ்போர்டு வேண்டாம். ஐபோனுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் சூழல் வெப்பமே 35 டிகிரி வரைதான். சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறாது. ஏ.சி. காற்று வரும் இடத்துக்கு அருகில் மாட்டினால் பிரச்சினை குறையும்.

மேப் தப்பா காட்டி விபத்து ஆனா யார் பொறுப்பு?

இதற்குத் தெளிவான பதில் இன்னும் இந்தியாவில் உருவாகவில்லை. மூன்று சம்பவங்களைப் பாருங்கள்.

2021 ஜனவரியில் மகாராஷ்டிராவின் அகோலே அருகே, அணை நீரில் மூழ்கியிருந்த பாலத்தின் மீது இரவில் ஏறிய கார் மூழ்கி ஓட்டுநர் இறந்தார். ஆண்டில் சில மாதங்கள் அந்தப் பாலம் தண்ணீருக்குள் போகும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மேப்புக்குத் தெரியாது. 2023 அக்டோபர் 1 அன்று கேரளத்தின் கோதுருத்தில், கனமழை இரவில் மேப்பைப் பின்பற்றியதாகக் கூறப்படும் கார் பெரியாற்றில் விழுந்து இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, முன்பகுதி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தில் இருந்து கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள்.

மூன்றாவது சம்பவத்தில் போலீஸார் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீது வழக்குப் பதிவு செய்தார்கள். பெயர் குறிப்பிடாமல் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவரும் அதில் சேர்க்கப்பட்டார். கூகுளின் பயன்பாட்டு விதிமுறைகளோ, உண்மை நிலவரம் வரைபடத்தில் இருந்து மாறுபடலாம், பொறுப்பு பயன்படுத்துபவருடையது என்கின்றன. நாம் யாரும் படிக்காமல் சம்மதம் கொடுத்த விதிமுறைகள் அவை.

மேப் மீது மட்டும் பழி போடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாதியில் நிற்கும் பாலத்தின் முன்னால் ஒரு சுவரோ, ஒளிரும் பலகையோ வைக்க வேண்டியது சாலையை வைத்திருப்பவரின் கடமை. 2019-இல் சேர்க்கப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஒரு உயிருக்கு இது போதுமா என்பது வேறு விஷயம். ஆனால் சட்டம் அந்தப் பொறுப்பை அங்கீகரிக்கிறது. படகுத்துறையில் முடியும் சாலையில் தடுப்பு இருந்திருந்தால், மேப் எவ்வளவு தப்பாகச் சொன்னாலும் கார் தடுப்பில்தான் மோதியிருக்கும்.

மூடப்பட்ட சாலையைப் பற்றி மேப் நிறுவனங்களுக்கு உடனே சொல்லும் கட்டாயம் உள்ளாட்சிக்கு வேண்டும். சொன்னதை எத்தனை மணி நேரத்துக்குள் வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்ற காலக்கெடு நிறுவனங்களுக்கு வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவரை, கடைசிப் பாதுகாப்பு வண்டி ஓட்டுகிறவரின் கண்தான்.

குர்லாவில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

- ஊர்க்காரர்களை அழைத்து வரப் போகிறீர்களா? 'குர்லா ஸ்டேஷன்' என்று போட்டால் புறநகர் ரயில் நிலையத்துக்குப் போய்விடும். கோவையில் இருந்து வரும் 'குர்லா எக்ஸ்பிரஸ்' நிற்பது லோக்மான்ய திலக் டெர்மினஸில். இரண்டும் வேறு. டெர்மினஸுக்குப் பக்கத்துப் புறநகர் நிலையம் திலக் நகர். முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

- குர்லா கிழக்கா, மேற்கா என்று முதலிலேயே கேளுங்கள். நடுவில் ரயில் பாதை. தப்பான பக்கம் இறங்கினால் சுற்றி வர அரை மணி நேரம் போய்விடும்.

- புறப்படும் முன் ஒரு நிமிடம் முழு வழியையும் விரல் வைத்துப் பாருங்கள். எந்தப் பாலத்தில் ஏறணும், எதில் ஏறக்கூடாது என்ற இரண்டு மூன்று முடிவுகளை மனதில் வைத்துக்கொண்டால், மூன்று விநாடிக் குழப்பம் வராது.

- சந்தேகம் வந்தால் சாலைப் பலகையை நம்புங்கள். திருப்பம் தவறினால் தவறட்டும், மேம்பாலத்தில் பின்னோக்கி வராதீர்கள். மேப் வேறு வழி போடும்.

- தாராவி, குர்லா சால்களில் முகவரி கண்டுபிடிப்பது கஷ்டம். வீட்டு வாசலில் நின்று லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். 2025 மே மாதம் அஞ்சல் துறை அறிமுகப்படுத்திய டிஜிபின், சுமார் 4 மீட்டர் கட்டத்துக்கு ஒரு பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. வாசல் வரைக்கும் ஆள் வரணும் என்றால் அது உதவும்.

- மாதம் ஒருமுறை ஆஃப்லைன் வரைபடத்தைப் புதுப்பியுங்கள். மழைக்காலத்தில் புறப்படும் முன் மும்பைப் போக்குவரத்துப் போலீஸின் எக்ஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். மேப்பில் வராத தடுப்பு அங்கே வந்திருக்கலாம்.

- இரவில், மழையில், ஆள் இல்லாத சாலைக்கு மேப் திருப்பச் சொன்னால் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் சாலை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

- மூடிய சாலையையோ, தப்பான திருப்பத்தையோ பார்த்தால், வீடு போய்ச் சேர்ந்ததும் செயலியில் புகார் பதிவு செய்யுங்கள். அரை நிமிட வேலை.

2024 ஜனவரியில் நீலகிரியின் கூடலூரில், மேப் காட்டிய 'குறுக்கு வழியில்' போன ஒரு கார் படிக்கட்டுகளில் இறங்கி நடுவில் நின்றது. ஊர்க்காரர்களும் போலீஸாரும் சேர்ந்துதான் அதை மீட்டார்கள். அந்தக் காரில் இருந்தவர்கள் நல்வாய்ப்பாக உயிர் தப்பினார்கள். ராமகங்கை ஆற்றில் விழுந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மேப் செய்த தவறு இரண்டு இடத்திலும் ஒரே வகைதான். வித்தியாசம், சாலையின் முடிவில் என்ன இருந்தது என்பதில் மட்டும்.